சுண்ணாம்பு படிந்த கதவு

ஜனவரி 11

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி தேவலையா? குனிந்து உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் பல் செட் கட்டுகிறாய், உன் முதுகை யார் கட்டுவது?

கடிதம் தடிமனாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருஷமாக உனக்கு வந்த என் கடிதங்கள் உன் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியவை. "நலம். மழை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்." நாலு வரி. ஐந்தாவது வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமாம். உன் கடிதங்களும் அப்படித்தான். கீழே போய்ப் பெட்டியைத் திறந்து, பிரித்துப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலே வந்து "நல்லா இருக்காளாம்" என்பார். வீட்டுக்கு ஒரே ஒரு போன், அதுவும் அதே பையில்தான். அந்தப் பை இருக்கும்வரை உனக்கும் எனக்கும் நடுவில் அவர்தான் தபால்காரர்.

இப்போது அவர் கீழே இறங்குவதில்லை. தபால் பெட்டிச் சாவி என் கைக்கு வந்துவிட்டது.

மூட்டுவலி என்கிறார். எனக்கென்னவோ மூட்டாகத் தெரியவில்லை. உடம்பு பருத்த ஆளா, அதுவும் இல்லை. இளைத்துத்தான் இருக்கிறார். கடைசியாக மாடி ஏறியபோது முதல் திருப்பத்தில் நின்று அறிவிப்புப் பலகையைப் படித்தார். தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி போன வருஷத்தது, அதை அவ்வளவு நேரம் படிக்க என்ன இருக்கிறது? இரண்டாம் திருப்பத்தில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அது வார் இல்லாத செருப்பு. மூன்றாம் மாடி வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்றுதான் தெரியுமே.

பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இதயத்தை ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்திருக்கிறார். பார்ப்போம்.

இனி நீ மனசில் இருப்பதையெல்லாம் எழுது. நான்தான் பிரிப்பேன்.

உன் அம்மா

---

ஜனவரி 24

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். முதுகு பரவாயில்லை, நாற்காலியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். உன் தலைசுற்றல் நின்றதா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் பேச்சு எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. ஆறு வயதில் காது போனது. அதற்கு அப்புறம் உன் உதடு அசைவதைத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் அப்பா பக்கத்தில் இருந்தால் அசையாது. இந்தக் கடிதத்தில்தான் உன்னைக் கேட்டேன். லேபில் மெழுகை உருக வைத்துவிட்டு நானே சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி பயந்துவிட்டாள்.

ஆனால் அப்பா விஷயம் சிரிப்பு இல்லை. எங்கள் முதலாளியின் அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. அவரும் வயசாகிவிட்டது என்று சொல்லி நடையைக் குறைத்துக்கொண்டே போனார். நடக்காவிட்டால் மூச்சு வாங்காது, மூச்சு வாங்காவிட்டால் வியாதி இல்லை, இதுதான் அவர் கணக்கு. அப்பா டாக்டரிடம் உண்மையைச் சொல்லமாட்டார். நீ கூடவே போ. பலகை, செருப்பு, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லு. நான் போனில் கேட்டுச் சொல்ல முடிகிற ஆளா? நீதான் சொல்லியாக வேண்டும்.

என்ன சொன்னாய் என்று எழுது.

உன் சிட்டு

---

பிப்ரவரி 15

என் சிட்டுக்கு,

நான் நலம். தலைசுற்றல் அறவே இல்லை, கீழே மேலே ஏறி இறங்கி உடம்பு தேறியிருக்கிறது. நீங்கள் இருவரும் சுகம்தானே?

பெரிய டாக்டரைப் பார்த்தோம். காத்திருக்கும் அறை முழுக்க நம்மைப் போலக் கிழங்கள். ஆண்கள் எல்லாம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் மடியில் பையை வைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சின்னப் பையன்தான், ஆனால் நிதானம். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்திலிருந்து ரத்தம் உடம்புக்குப் போகிற வாசலில் ஒரு கதவு இருக்கிறதாம், மூன்று இதழ் வைத்தது. வயசான சிலருக்கு அதில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுமாம். திறக்க மாட்டேன் என்கிற கதவை இதயம் முட்டி முட்டித் தள்ளுகிறது. உன் அப்பாவுக்குக் கதவு ரொம்பவே இறுகிவிட்டது. கல்லானாலும் கணவன் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்களே, நிஜமாகவே கல்லாகும் என்று யாரும் சொல்லவில்லை.

மாத்திரையில் அது கரையாதாம். கதவையே மாற்ற வேண்டும். ஆனால் இன்னும் தொந்தரவு ஒன்றும் ஆரம்பிக்கவில்லை என்றால் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாமாம். ஆரம்பித்துவிட்டால் தள்ளிப்போடவே கூடாதாம். "அப்படியே விட்டா பாதிப் பேர் ரெண்டு வருஷத்தத் தாண்டறதில்ல" என்றார்.

பிறகு உன் அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, மயக்கம் வந்ததா என்று. உன் அப்பா கோர்ட்டு வாசலில் நின்று பேர் கூப்பிட்ட அதே குரலில், "ஒண்ணுமில்ல. தினம் மூணு மாடி ஏறி இறங்கறேன்" என்றார். அப்படியானால் ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

வெளியே வந்ததும் உன் அப்பாவுக்கு ஒரே குஷி. வழக்கைத் தள்ளிவைத்தால் அவர்கள் கோர்ட்டில் வாய்தா என்பார்களே, அதைச் சொல்லி, "ஆறு மாசம் வாய்தா வாங்கிட்டேன் பாத்தியா" என்றார்.

கீழே சலவைக்கடைக்காரி புது இஸ்திரிப்பெட்டி வாங்கியிருக்கிறாள். ஜன்னல் திரைகளை அவளிடம் போட்டேன், பளிச்சென்று ஆகிவிட்டது.

உன் அம்மா

---

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

ஜன்னல் திரைவரைக்கும் எழுதியிருக்கிறாய். ஆனால் நான் கேட்டது அதில் இல்லை. அப்பா பொய் சொன்னார், சரி, அது எனக்கு முன்பே தெரியும். நீ அந்த அறையில் இருந்தாய்தானே? நீ என்ன சொன்னாய்?

டாக்டர் உன்னிடம் கேட்கவில்லையா?

இதற்கு மட்டும் பதில் எழுது. திரை எப்படிப் போனால் எனக்கென்ன.

உன் சிட்டு

---

ஏப்ரல் 19

என் சிட்டுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா?

போன வாரம் உன் அப்பா குளியலறையில் விழுந்தார். தடால் என்று சத்தம் கேட்டது. நான் போய்க் கதவைத் தள்ளினால் சுவரில் சாய்ந்து கிடக்கிறார், கண் செருகியிருக்கிறது, முகம் வெள்ளைத்தாள். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "சோப்பு வழுக்கிடுச்சு" என்றார். சோப்பு பெட்டியில் காய்ந்து கிடந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது இதுதான். இதில் இன்னொரு உத்தரவு வேறு: "யார்கிட்டயும் மூச்சு விடாதே." மூச்சைப் பற்றிப் பேச அவருக்குத்தான் எவ்வளவு உரிமை.

சரி, நான் விடவில்லை. புருஷன் சொல்லைத் தட்டுகிற பெண்ணா நான்?

சாயங்காலங்களில் பூங்காவுக்குப் போகிறேன். கீழே இறங்காத மனுஷன் சில நாள் வீம்புக்கு நானும் வருகிறேன் என்று கிளம்புவார். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் எனக்கு நாலு எட்டு முன்னாலேயே நடந்தவர் அவர். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். வயிற்றில் உன்னைச் சுமந்துகொண்டு நான் பின்னால் ஓடியிருக்கிறேன். இப்போது நான் முன்னால் நடக்கிறேன், சிட்டு. பின்னாலிருந்து மூச்சு இரைக்கிற சத்தம் வருகிறது. நானும் திரும்பிப் பார்ப்பதில்லை. காற்று ரொம்ப நன்றாக இருக்கிறது அங்கே.

நீ கேட்டதற்குப் பதில். டாக்டர் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா, வீட்ல எப்படி இருக்கார்?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். உன் அப்பா என்னைப் பார்த்தார். எந்தப் பார்வை என்று உனக்கே தெரியும். வெளியாள் முன்னால் வாயைத் திறக்காதே என்பது இந்த வீட்டுச் சட்டம். நான் போட்ட சட்டமா? நான் தரையைப் பார்த்தேன்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். ஊரை எல்லாம் நான் கெடுக்கவில்லை.

உன் அம்மா

---

ஏப்ரல் 30

அம்மா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனசில்லை.

விழுந்தது மயக்கம். டாக்டர் கேட்ட கேள்விகளில் அதுவும் ஒன்று. நீ பூங்காவில் காற்று வாங்குகிறாய்.

அப்பா செத்துப்போவார். உனக்கு அது தெரியும் என்று எனக்கும் தெரிகிறது. அதுதான் உனக்கு வேண்டுமா? நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அவர் உன்னை நடத்திய விதம் தெரியாமல் நான் கேட்கவில்லை. ஆனால் நாலு எட்டு முன்னால் நடந்ததற்காக ஒரு மனுஷனைச் சாகவிடுவார்களா?

சிட்டு

---

மே 27

என் சிட்டுக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நாலு எட்டுக்காக இல்லை. இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன். கேட்டுவிட்டாய், கேட்டுக்கொள்.

உனக்கு ஆறு வயது. காய்ச்சல். முதல் நாளே கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று அழுதாய். வெளிச்சம் பட்டால் கண்ணைப் பொத்திக்கொண்டாய். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கோர்ட்டில் அன்று பெரிய கொலை வழக்கு. வாசலில் நின்று சாட்சிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட இவரை விட்டால் ஆளில்லையாம், இவர் இல்லாவிட்டால் ஜட்ஜே வீட்டுக்குப் போய்விடுவாராம். சளிக் காய்ச்சல்தான், கஷாயம் கொடு என்றார். மறுநாளும் அதே. என்னிடம் காசு கிடையாது, தனியாக வெளியே போய்ப் பழக்கமும் கிடையாது. மூன்றாம் நாள் நீ கண்ணைத் திறக்கவில்லை. அப்போதுதான் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டாள். உன் அப்பா, "நேத்து ராத்திரிலேருந்து" என்றார். மூன்று நாள் என்று சொன்னால் அந்தச் சின்னப் பெண் தன்னைத் திட்டுவாளே என்ற மானம். நான் வாயைத் திறந்தேன். "இல்லம்மா" என்ற வரைக்கும் வந்தது. உன் அப்பா அத்தனை பேர் முன்னால், கோர்ட்டில் கூட்டத்தை அடக்குகிற குரலில், "நீ வாய மூடு" என்றார்.

நான் மூடினேன்.

மருந்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து உன்னைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதே டாக்டரம்மாவிடம் அப்போது உண்மை வந்தது. மூளைக் காய்ச்சல் என்று சொல்லி அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மூணு நாள்னு அன்னிக்கே சொல்லியிருந்தா இங்கயே வெச்சிருப்பேனே" என்றாள். உயிர் வந்தது, காது வரவில்லை.

இத்தனை வருஷமும் ஒரு நாள் தவறாமல் அந்த ஆளுக்குச் சோறு போட்டேன். ஒவ்வொரு கவளமும் போட்ட கையை நானே சபித்துக்கொண்டு போட்டேன். இப்போது கடவுளாகப் பார்த்து அதே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். டாக்டர் கேட்கிறார், அவர் பொய் சொல்கிறார், நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஒரு எழுத்து மாறவில்லை. ஆள் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆமாம், எனக்கு அதுதான் வேண்டும்.

உன் அம்மா

---

ஜூலை 30

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. வியாதி எதுவும் இல்லை, பேனாவை எடுத்தால் கீழே வைத்துவிட்டு லேப் வேலைக்குத் திரும்பிவிடுவேன். நீ எப்படி இருக்கிறாய்? அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நீ மறைத்ததாக நினைக்கிறாய். எனக்கு அது தெரியும், அம்மா. அன்றைக்கு எனக்குக் காது கேட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். உன் மடி சூடாக இருந்தது. டாக்டரம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. நீ "இல்லம்மா" என்றாய். அப்பா "நீ வாய மூடு" என்றார். அதற்குப் பிறகு நான் தெளிவாகக் கேட்டது எதுவுமே இல்லை. இந்த உலகம் எனக்குக் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். ஆட்கள் பாட்டு ஞாபகம் வைத்திருப்பார்கள், மழைச் சத்தம் ஞாபகம் வைத்திருப்பார்கள். நான் இதை வைத்திருக்கிறேன். பல்லுக்கு அரம் போடும்போதெல்லாம் அதுதான் உள்ளே ஓடும்.

அதனால் நல்லவள் மாதிரி உனக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் வேண்டும். ஆனால் நீ கேட்கிற விலை ரொம்பக் குறைச்சல். கதவு ஒரு நாள் ஒரேயடியாக மூடிக்கொள்ளும், அவர் குளியலறையில் சாய்ந்து கிடப்பார், ஊரே வந்து "நல்ல சாவு, படுக்காமப் போயிட்டார்" என்று சொல்லும். நீ அழுகிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு என்ன நஷ்டம்? எதற்காகப் போனோம் என்றுகூடத் தெரியாமல் போய்விடுவார். தப்பித்துவிடுவார் அம்மா.

எனக்கு அவர் உயிரோடு வேண்டும். நல்ல மூச்சோடு, தெளிந்த புத்தியோடு, ரொம்ப நாள் இருக்க வேண்டும். உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நீ வாயைத் திற. அவர் இல்லாத நேரம் பார்த்து இல்லை, அவர் முன்னாலேயே, அதே டாக்டரிடம், எல்லாவற்றையும் சொல்லு. அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இருக்கிறதா, யோசித்துப் பார்.

உன் சிட்டு

---

ஆகஸ்ட் 21

என் சிட்டுக்கு,

உன் கடிதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். சலவைக்கடைக்காரி வந்து தூக்கிவிட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ அழாமல் சாப்பிடு.

போன வாரம் வாய்தா முடிந்தது. போனோம். டாக்டர் அதே கேள்விகளைக் கேட்டார், இவர் அதே பதிலைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நீங்க சொல்லுங்கம்மா என்றார்.

சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. பலகையைச் சொன்னேன், செருப்பைச் சொன்னேன், குளியலறையைச் சொன்னேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவதைச் சொன்னேன். உன் அப்பா எழுந்து, "நீ வாய" என்றார். மீதி வார்த்தைக்கு மூச்சு இல்லை. அந்த டாக்டர் பையன் ரொம்ப மரியாதையாக அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்து, "ஐயா, நீங்க கொஞ்சம் அமைதியா இருங்க. அம்மா பேசட்டும்" என்றான்.

ஊரையே அமைதி அமைதி என்று அடக்கிச் சம்பளம் வாங்கின ஆள், சிட்டு. அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

போன தடவை ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார். அதையும் சொன்னேன். ஆறு வயது, மூன்று நாள், டாக்டரம்மா, எல்லாம். நர்ஸ் கையில் ஊசியோடு அப்படியே நின்றுவிட்டாள். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தரை எனக்கு நன்றாகத் தெரியும், நான் பார்த்த தரைதான்.

அடுத்த மாதம் கதவை மாற்றுகிறார்கள். மார்பைப் பிளக்கவேண்டாமாம், தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு உள்ளேயே வைத்துவிடுவார்களாம். மாட்டின் இதயத்து உறையில் செய்த கதவு. கடைசியில் மாட்டுக்குத்தான் இவர் மேல் இரக்கம் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் சொத்தைப் பல்லை எல்லாம் எடுத்துவிட வேண்டுமாம், பல்லிலிருக்கிற சீழ் புதுக் கதவில் போய் உட்கார்ந்துவிடுமாம். முன்பக்கத்தில் நாலு பல் போகிறது.

வீட்டில் இப்போது அவர் பேசுவதில்லை. நான் பேசுகிறேன்.

உன் அம்மா

---

செப்டம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். நீ நன்றாகத் தூங்குகிறாயா? உன் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படிக்கக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு உனக்கு ஒரு வணக்கம் போட்டார், எழுந்து நின்று.

ஆபரேஷனுக்கு நான் வரமாட்டேன். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லப் போவதில்லை. வர மனசில்லை, அவ்வளவுதான். உனக்குத் துணைக்கு மாப்பிள்ளை வருவார்.

பல் எடுத்த இடம் ஆறியதும் அங்கே பல் டாக்டரிடம் அச்சு எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்பச் சொல். நாலு பல்லையும் நான் கட்டுகிறேன். இந்த ஊரில் என் கைக்கு மேல் ஆள் இல்லை. ஆனால் ஒன்று. அச்சோடு அவர் கைப்பட ஒரு கடிதம் வரவேண்டும். என் கடிதங்களை எல்லாம் படித்தவர், எனக்கு ஒன்றுகூட எழுதினதில்லை. அன்றைக்கு டாக்டரம்மா எத்தனை நாள் என்று கேட்டாளே, அதற்குச் சரியான பதிலை அதில் எழுதவேண்டும். இல்லையென்றால் பொக்கை வாயோடு இருக்கட்டும். கூப்பிடுகிற வேலைதான் இப்போது இல்லையே.

உன் சிட்டு

---

அக்டோபர் 28

மகளுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

கதவு வைத்தாகிவிட்டது. மூச்சு சரியாக இருக்கிறது. மாடி ஏறுகிறேன். இந்தக் கடிதத்தை நானே இறங்கிப் போய்ப் போடுவேன். தபால் பெட்டிச் சாவியை உன் அம்மா கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருக்கிறாள். கேட்டேன். தரமாட்டேன் என்றாள்.

இதற்கு முன் நாலு தாள் கிழித்தேன்.

மூன்று நாள். நான் நேற்று ராத்திரியிலிருந்து என்று சொன்னேன். மூன்று நாள்.

அந்த டாக்டரம்மா திட்டுவாள் என்று பயம். இந்தத் தடவை கத்தி வைப்பார்கள் என்று பயம். நான் தைரியசாலி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாசலில் நின்று கத்துகிறவனுக்குப் பயம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

உனக்குக் கேட்டது என்று உன் அம்மா சொன்னாள். அது எனக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் உன்னைத் தேடினேன். மாப்பிள்ளைதான் இருந்தார்.

என்னை மன்னித்துவிடு. பல்லுக்காக எழுதவில்லை. பல் வராவிட்டாலும் பரவாயில்லை. பதில் மட்டும் போடு.

அப்பா

---

நவம்பர் 16

அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக நீங்கள்.

பல் இத்துடன் வருகிறது. நிறம் பார்த்து நானே கட்டினேன், பக்கத்துப் பல்லோடு வித்தியாசம் தெரியாது. முதல் வாரம் கொஞ்சம் உறுத்தும். பகலில் கழற்றாமல் பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும். ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈறில் புண் வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், எத்தனை நாளாக என்று கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். மாத்திரை தவறக்கூடாது. தினமும் நடக்க வேண்டும். பூங்காவுக்கு அம்மாவோடு போங்கள், அவளுக்குப் பின்னால்.

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கேட்டிருப்பதைப் படித்தேன். நல்ல கையெழுத்து.

புதுக் கதவு பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அப்படியானால் அவசரமில்லை. வாய்தா போட்டிருக்கிறேன். நீங்கள் காத்திருங்கள், கூப்பிடுகிறேன்.

உங்கள் மகள்